தலை வலிக்காத மைக்ரேன்: புதுசா வந்தவங்களுக்கு ஒரு வழிகாட்டி

மார்ச் கடைசி, ஆபீஸ்ல கணக்கு முடிக்கிற நேரம். லெட்ஜர்ல ஒரு நம்பர பாக்கறேன், 47,350ன்னு இருக்கணும், எனக்கு முன்னாடி இருக்கற 4 தெரியுது கடைசி 0 தெரியுது, நடுவுல உள்ளத காணோம். கறுப்பா மறைச்ச மாதிரியும் இல்ல, அழிச்ச மாதிரியும் இல்ல, அந்த எடமே இல்லாத மாதிரி. கண்ணாடிய கழட்டி தொடச்சு போட்டேன், அப்பவும் அதேதான். கொஞ்ச நேரத்துல அந்த ஓட்டைய சுத்தி பளபளன்னு ஒரு வளைவு வந்துச்சு, டெம்பிள் பார்டர் சேலையோட கரை மாதிரி முக்கோணம் முக்கோணமா, வெல்டிங் வெளிச்சம் மாதிரி மின்னிக்கிட்டே பெருசாகி பெருசாகி இடது ஓரத்துக்கு போயி அப்படியே வெளிய போயிடுச்சு. மொத்தம் ஒரு 25 நிமிஷம் இருக்கும். தலை கொஞ்சம் கூட வலிக்கல.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அத்தை பித்தம் ஏறியிருக்கும்மா, ரெண்டு நாளா நீ சரியாவே சாப்பிடலன்னு இஞ்சிச்சாறு எடுத்து குடுத்தாங்க, அக்கா வந்து கண்ணு பட்டிருக்குன்னு சுத்தி போட்டா, கண்ணாடிக்கடைல பவர் செக் பண்ணி ஒண்ணும் மாறலன்னாங்க. எல்லாரும் அக்கறையாத்தான் சொன்னாங்க. ஆனா இதுக்கு பேரு மைக்ரேன்னு எனக்கு தெரிய ஒன்றரை வருஷம் ஆச்சு, அதுக்குள்ள ஏழு தடவை வந்து, ஒவ்வொரு தடவையும் இதோ பக்கவாதம்தான்னு உள்ளுக்குள்ள செத்து செத்து பொழச்சிருக்கேன். இப்பதான் மொதல் தடவை வந்து பயந்துபோய் தேடிக்கிட்டு இருக்கற ஒருத்தருக்கு அந்த ஒன்றரை வருஷம் மிச்சமாகணும், அதுக்குத்தான் இத எழுதறேன். நான் டாக்டர் இல்ல, நோயாளி. டாக்டர்கிட்ட கேட்டு கேட்டு, படிச்சு, பட்டு தெரிஞ்சுக்கிட்டத வரிசையா சொல்றேன்.

மொதல்ல பேர் பிரச்சனைய முடிச்சிருவோம். மைக்ரேன தமிழ்ல ஒற்றைத் தலைவலின்னு சொல்லி பழகிட்டோம், பேர்லயே தலைவலி இருக்கு, அதனால தலை வலிக்காம மைக்ரேன் வந்துச்சுன்னா யாரும் நம்ப மாட்டாங்க, நாமளே நம்ப மாட்டோம். நெசத்துல மைக்ரேன்ங்கறது மூளை சம்பந்தப்பட்ட ஒரு கோளாறு, வலி அதுல ஒரு கட்டம் மட்டும்தான். வர்றதுக்கு முந்தின நாளே கொட்டாவி கொட்டாவியா வரும், கழுத்து பிடிச்ச மாதிரி இருக்கும், எரிச்சல் வரும், இனிப்பு மேல ஆசை வரும், அது ஒரு கட்டம். அடுத்தது ஆரா, அதாவது கண்ணுல மின்னறது, கை மரத்து போறது, பேச்சு குழர்றது. அதுக்கப்புறம் வலி. கடைசியா எல்லாம் முடிஞ்சும் ஒரு நாள் அசதி. மைக்ரேன் இருக்கறவங்கள்ல நாலுல ஒருத்தர்லேர்ந்து மூணுல ஒருத்தருக்கு ஆரா வரும்னு சொல்றாங்க, அதுல சிலருக்கு வலிங்கற கட்டம் மட்டும் வராமலே போயிடும். சர்வதேச தலைவலி சங்கம் 2018ல வெளியிட்ட மூணாவது வகைப்பாட்டுல இதுக்கு தனி எண்ணே இருக்கு, 1.2.1.2, தலைவலி இல்லாத ஆரான்னு. உங்க சீட்டுல டாக்டர் சைலன்ட் மைக்ரேன்னு எழுதியிருக்கலாம், ஏசெஃபால்ஜிக் மைக்ரேன்னு எழுதியிருக்கலாம், ரெண்டும் ஒண்ணுதான். ஆக்குலர் மைக்ரேன்னு எழுதியிருந்தா மட்டும் ஒரு கேள்வி திருப்பி கேளுங்க, ஏன்னா அந்த பேர ரெண்டு வேற வேற விஷயத்துக்கு சொல்றாங்க, அத கீழ சொல்றேன்.

இதுல நான் மொதல்ல புரிஞ்சுக்க வேண்டியிருந்தது வேகம். 1941ல கார்ல் லாஷ்லின்னு ஒரு அமெரிக்க விஞ்ஞானி தனக்கு வந்த ஆராவையே விட்டு விட்டு வரைஞ்சு பாத்து, மூளைல ஏதோ ஒண்ணு நிமிஷத்துக்கு 3 மில்லிமீட்டர் வேகத்துல ஊர்ந்து போகுதுன்னு கணக்கு போட்டார். மூணு வருஷம் கழிச்சு 1944ல அரிஸ்டிடெஸ் லியாவோங்கற பிரேசில்காரர் முயலோட மூளைல கிட்டத்தட்ட அதே வேகத்துல ஒரு அலை பரவறத பாத்துட்டார். நரம்பு செல்லெல்லாம் ஒரு நொடி தூண்டப்பட்டு அப்புறம் அடங்கி போற அலை அது. தூண்டப்படற எடம் மின்னலா தெரியுது, அடங்கின எடம் ஓட்டையா தெரியுது. அலை பார்வைக்கான பகுதில நவுந்து போகப்போக நம்ம கண்ணுக்கு அந்த சேலைக்கரை நவுந்து போகுது. கோளாறு கண்ணுல இல்ல, பின்மண்டைல இருக்கு. அது எறும்பு ஊர்ற மாதிரி மெதுவா போகுதுங்கறததான் கெட்டியா பிடிச்சுக்கணும், இனி சொல்ற எல்லாத்துக்கும் அதுதான் ஆதாரம்.

இப்ப படிப்படியா வருவோம்.

மொதல் படி, இது உங்களுக்கு மொதல் தடவைன்னா, இந்த கட்டுரைய மூடி வெச்சுட்டு ஆஸ்பத்திரிக்கு போங்க. உண்மையாவே சொல்றேன். மொதல் தடவை வர்றத மைக்ரேன்னு நீங்களா முடிவு பண்ண கூடாது, நெட்ல படிச்சு முடிவு பண்ணவே கூடாது. சின்ன பக்கவாதம்னு சொல்றாங்களே, வந்து தானா சரியாயிடும் ஆனா பின்னாடி பெருசு வர்றதுக்கு முன்னறிவிப்பா இருக்கும், டிஐஏ, அதுவும் பாக்க இதே மாதிரி இருக்கலாம். முக்கியமா 40, 50 தாண்டினவங்க, சுகர் பிரஷர் இருக்கறவங்க, சிகரெட் பிடிக்கறவங்க.

ரெண்டுக்கும் வித்தியாசம் கடிகாரத்துல இருக்கு. ஆரா மெதுவா ஆரம்பிக்கும், சின்ன புள்ளியா ஆரம்பிச்சு பரவ அஞ்சு நிமிஷத்துக்கு மேல எடுக்கும், ஒவ்வொரு அறிகுறியும் பொதுவா 5 நிமிஷத்துலேர்ந்து 60 நிமிஷத்துக்குள்ள முடியும், ஒண்ணுக்கு மேல இருந்தா வரிசையா வரும், மொதல்ல கண்ணு, அது முடியற நேரத்துல விரல்ல குறுகுறுப்பு, அது முழங்கை வழியா ஏறி உதட்டுக்கும் நாக்குக்கும் போகும், அப்புறம் வார்த்தை தடுமாறும். பக்கவாதம் சுவிட்ச் போட்ட மாதிரி. ஒரு நொடில முழு வீச்சுல வரும், எல்லாம் ஒரே நேரத்துல வரும். இன்னொண்ணு, ஆராவுல பெரும்பாலும் இல்லாதது கூடுதலா தெரியும், மின்னல், நெளிவு, ஊசி குத்தற மாதிரி. பக்கவாதத்துல பெரும்பாலும் இருக்கறது போயிடும், பார்வை போச்சு, உணர்ச்சி போச்சு, பலம் போச்சு. இதெல்லாம் பெரும்பாலும்தான், நூத்துக்கு நூறு கெடையாது.

அதனால கீழ சொல்றதுல ஒண்ணு இருந்தாலும் யோசிக்கவே வேணாம், 108க்கு அடிங்க: திடீர்னு ஒரே நொடில வந்தது, வாய் ஒரு பக்கம் கோணுது, கை இல்ல கால்ல பலம் இல்ல (மரத்து போறது வேற, தூக்க முடியாம போறது வேற), வாழ்க்கைல இதுவரைக்கும் பாக்காத இடி மாதிரி தலைவலி, மயக்கம், குழப்பம், ஒரு மணி நேரம் ஆகியும் விடல. அடைப்பால வர்ற பக்கவாதத்துக்கு ரத்தக்கட்டிய கரைக்கிற ஊசி பொதுவா நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும், தூங்கி எந்திரிச்சு பாத்துக்கலாம்ங்கற எண்ணம்தான் அந்த நேரத்த தின்னுடுது. கர்ப்பமா இருக்கறவங்களுக்கு தனியா ஒரு வார்த்தை, அஞ்சு மாசத்துக்கு மேல கண்ணுல மின்னல் தெரிஞ்சா, உங்களுக்கு பழைய மைக்ரேன் இருந்தாலும் சரி, அன்னைக்கே போய் பிரஷர் பாருங்க. கர்ப்ப காலத்து பிரஷர் ஏறினா வர்ற அறிகுறியும் அதேதான், அது தாய்க்கும் குழந்தைக்கும் ஆபத்து.

ரெண்டாவது படி, டாக்டர்கிட்ட போறது. கண் டாக்டர், நரம்பு டாக்டர் ரெண்டு பேரும் வேணும். கண் டாக்டர்கிட்ட சொட்டு மருந்து விட்டு விழித்திரை பாக்க சொல்லுங்க, கண்ணாடி பவர் மட்டும் பாத்துட்டு வந்துடாதீங்க, நான் அந்த தப்பத்தான் பண்ணேன். விழித்திரை கிழிஞ்சாலும் பிரிஞ்சாலும் கூட மின்னல் தெரியும், ஆனா அது ஒரு கண்ணுல மட்டும் தெரியும், திடீர்னு கறுப்பு புள்ளி நெறைய மெதக்கும், ஓரத்துலேர்ந்து திரை விழற மாதிரி இருக்கும். அப்படின்னா அன்னைக்கே போகணும், நாளைக்கு கெடையாது.

இங்கதான் நான் முன்னாடி சொன்ன ஆக்குலர் மைக்ரேன் குழப்பம் வருது. மூளைலேர்ந்து வர்ற ஆரா ரெண்டு கண்ணுலயும் தெரியும், ஏன்னா மூளையோட ஒவ்வொரு பாதியும் ரெண்டு கண்ணுலயும் உள்ள ஒரு பாதி பார்வைய எடுத்துக்குது. இடது பக்கம் தெரியுதுன்னா இடது கண்ணுன்னு நாம நெனச்சுக்கறோம், இல்ல, ரெண்டு கண்ணோட இடது பாதி. ஒரு கண்ணுல மட்டும் வர்றது ரெட்டினல் மைக்ரேன், அது அபூர்வம், ரத்தக்குழாய் அடைப்பு எதுவும் இல்லன்னு பாத்த பிறகுதான் அந்த பேர வெக்கணும். இத கண்டுபிடிக்க வர்ற நேரத்துல வலது கண்ண கையால மூடி பாருங்க, அப்புறம் இடது கண்ண மூடி பாருங்க. ரெண்டு தடவையும் தெரிஞ்சா மூளைலேர்ந்து வருது. இந்த பத்து செகண்ட் வேலைய செஞ்சுட்டு போய் டாக்டர்கிட்ட சொல்லுங்க, அவர் கேக்கற பாதி கேள்விக்கு பதில் அதுல இருக்கு.

நரம்பு டாக்டர் பிரஷர், சுகர், கொலஸ்ட்ரால், இசிஜி பாப்பார், தேவைப்பட்டா எம்ஆர்ஐ எடுக்க சொல்வார். வலிப்புல ஒரு வகை இருக்கு, அதுலயும் கண்ணுல தெரியும், ஆனா கலர் கலரா உருண்டை உருண்டையா, சில செகண்ட்ல இல்லன்னா ரெண்டு மூணு நிமிஷத்துல முடிஞ்சுடும், அப்படி இருந்தா இஇஜி. எனக்கு எம்ஆர்ஐ நார்மல்னு வந்தப்ப சந்தோஷப்படறதுக்கு பதிலா அழுகைதான் வந்துச்சு, அப்ப நான் பாத்ததெல்லாம் பொய்யான்னு. அந்த டாக்டர்தான் பொறுமையா சொன்னார், ஸ்கேன் நார்மல்னா மைக்ரேன் இல்லன்னு அர்த்தம் இல்லம்மா, மைக்ரேன் ஸ்கேன்ல தெரியாது, வேற எதுவும் இல்லன்னுதான் அர்த்தம்னு. மைக்ரேன கண்டுபிடிக்கறது நீங்க சொல்ற கதைய வெச்சுத்தான்.

கதைய சரியா சொல்லணும்னா மூணாவது படி, எழுதி வெக்கறது. வர்றப்ப போன எடுத்து வாய்ஸ் மெசேஜ்ல பேசுங்க, எழுத முடியாது கண்ணு தெரியாது. மணி என்ன, எந்த பக்கம், எப்படி இருக்கு, அஞ்சு நிமிஷம் கழிச்சு எங்க போயிருக்கு, எப்ப முடிஞ்சுச்சு. முடிஞ்சதும் ஒரு பேப்பர்ல வரைஞ்சு வெச்சுக்குங்க, அழகா வரைய தெரியணும்னு இல்ல. 1870ல ஹூபர்ட் ஏரின்னு ஒரு ஆங்கிலேய டாக்டர் தன் கண்ணுல தெரிஞ்சத கட்டம் கட்டமா வரைஞ்சு வெளியிட்டார், கோட்டை மதில் மாதிரி வளைஞ்சு வளைஞ்சு, அத பாத்தப்ப எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்து போச்சு, 150 வருஷத்துக்கு முன்னாடி யாரோ ஒருத்தர் நான் பாத்ததையே பாத்திருக்கார். எங்க டாக்டரும் என் நோட்ல இருந்த கோணல்மாணல் படத்த பாத்துதான் ரெண்டே நிமிஷத்துல சொன்னார். அதோட அன்னைக்கு என்ன சாப்பிட்டீங்க, எத்தன மணிக்கு படுத்தீங்க, மாதவிடாய் தேதி, வெயில்ல போனீங்களா, இதயும் ஒரு வரி எழுதுங்க, ஒரு மூணு மாசம் எழுதினா போதும், உங்களுக்கே ஒரு கணக்கு தெரிய ஆரம்பிக்கும்.

வயசானவங்களுக்கு ஒரு தகவல். மில்லர் ஃபிஷர்னு ஒரு நரம்பியல் டாக்டர் 1980லயே எழுதினார், 40 தாண்டினவங்களுக்கு டிஐஏ மாதிரி வர்ற சிலது நெசத்துல வயசு காலத்துல வர்ற மைக்ரேன்தான்னு. அப்புறம் அமெரிக்காவுல ஃப்ராமிங்ஹாம்ங்கற ஊர்ல வருஷக்கணக்கா மக்கள பின்தொடர்ந்த ஆய்வுலேர்ந்து 1998ல ஒரு கணக்கு வந்துச்சு, 2110 பேர்ல 26 பேருக்கு இந்த மாதிரி கண்ணுல தெரியறது இருந்துச்சு, அதுல பாதிக்கு மேற்பட்டவங்களுக்கு அதோட சேந்து தலைவலி வந்ததே இல்ல, முக்கால்வாசி பேருக்கு 50 வயசுக்கு மேலதான் ஆரம்பிச்சிருக்கு. அதனால எங்க அப்பாவுக்கு 62 வயசுல எப்படி மைக்ரேன் வரும்னு கேக்கறவங்களுக்கு, வரலாம். ஆனா அந்த வயசுல புதுசா வந்தா முழுசா பரிசோதனை முடிச்சுட்டுத்தான் அந்த முடிவுக்கு வரணும், கூடவே நெத்திப்பொட்டுல வலி, மெல்லும்போது தாடை வலி இருந்தா அதயும் மறக்காம சொல்லணும், அது ரத்தக்குழாய் வீக்கமா இருந்து கண்ணையே எடுத்துட வாய்ப்பு இருக்கு.

நாலாவது, வந்துடுச்சு, டாக்டர் ஏற்கனவே மைக்ரேன்னு உறுதி பண்ணிட்டார், இப்ப அடுத்த அரை மணி நேரம் என்ன பண்றது. உக்காருங்க. மணி பாருங்க, சத்தமா சொல்லுங்க, பக்கத்துல ஆள் இருந்தா அவங்களுக்கும் தெரியட்டும். சிரிச்சு பாருங்க, ரெண்டு கையையும் நீட்டி தூக்கி பத்து எண்ணுங்க, ஒரு முழு வாக்கியம் சொல்லுங்க, நான் எங்க வீட்டு அட்ரஸ சொல்வேன். எல்லாம் சரின்னா ஒரு டம்ளர் தண்ணி குடிச்சுட்டு லைட்ட கொறச்சு கண்ண மூடிக்குங்க. கண்ண மூடினாலும் அந்த மின்னல் தெரியும், அதுக்கு பயப்படாதீங்க, அது கண்ணுல இல்லன்னு சொன்னேன்ல. இந்த நேரத்துல அவசரமா எதயும் நிறுத்த முயற்சி பண்ணாதீங்க, அந்த அலைய பாதில நிறுத்தற மாத்திரை எதுவும் நம்ம கைல கெடையாது, அது ஓடி முடிஞ்சுடும். மூச்ச மெதுவா விடுங்க, பயத்துல வேகவேகமா மூச்சு விட்டா அதனாலயே விரலும் உதடும் குறுகுறுங்கும், அப்புறம் எது ஆரா எது பயம்னு தெரியாம போயிடும். எனக்கு அப்படி ஆயிருக்கு.

வண்டி. இதுல நான் கறாரா சொல்வேன். வண்டில போகும்போது சின்ன புள்ளி தெரிஞ்சாலும் இன்டிகேட்டர் போட்டு இடது ஓரமா நிறுத்திடுங்க, இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானேன்னு போகாதீங்க. பாதி பார்வை போனா போனதே தெரியாது, மூளை அந்த எடத்த பக்கத்துல இருக்கறத வெச்சு நெரப்பிடும், அதாவது வலது பக்கம் ரோடு காலியா இருக்கற மாதிரி தெரியும், அங்க ஒரு பஸ் வந்துக்கிட்டு இருக்கும். நிறுத்தி எறங்கி நிழல்ல உக்காந்து முழுசா தெளிஞ்சு, அதுக்கு மேல ஒரு அரை மணி நேரம் கழிச்சுத்தான் எடுக்கணும், முடிஞ்சா யாரையாவது வந்து கூட்டிட்டு போக சொல்லுங்க. அடுப்புல எண்ணெ காயுதுன்னா கேஸ அணைச்சுட்டு வாங்க, அருவாமணைய எடுத்து வெச்சுடுங்க, மாடிப்படில இருந்தா அங்கயே உக்காந்துடுங்க. மெஷின்ல வேல பாக்கறவங்க, மேல ஏறி வேல பாக்கறவங்க, டிரைவரா இருக்கறவங்க இத கண்டிப்பா மேலதிகாரிகிட்ட சொல்லி வெக்கணும், சொல்றது கஷ்டம்தான், வேல போயிடுமோன்னு இருக்கும், ஆனாலும் டாக்டர்கிட்ட சீட்டு வாங்கி சொல்லுங்க.

அடுத்தது எது தூண்டுதுன்னு பாக்கறது. இங்க ஒரு பெரிய பட்டியல் எல்லாரும் குடுப்பாங்க, அத முழுசா பிடிச்சுக்கிட்டு சாக்லேட்ட விட்டேன் தயிர விட்டேன் தக்காளிய விட்டேன்னு ஒவ்வொண்ணா விட்டுட்டு போனா கடைசில சாப்பிட ஒண்ணும் இருக்காது, பயந்து பயந்து வாழற வாழ்க்கைதான் மிஞ்சும். என் அனுபவத்துல சாப்பாட்டு பொருள விட சாப்பிடற நேரம்தான் முக்கியம். மைக்ரேன் மூளைக்கு மாற்றம் பிடிக்காது, ஒரே நேரத்துக்கு தூக்கம், ஒரே நேரத்துக்கு சாப்பாடு, இது ரெண்டும் சரியானாலே பாதி கொறையும். எனக்கு வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வந்துக்கிட்டு இருந்துச்சு, நோட்ட பாத்தா காரணம் தெரியுது, அன்னைக்கு காலைல வெறும் வயித்துல விரதம், தலைக்கு குளிச்சு ஈரத்தலையோட பூஜை, சாம்பிராணி புகை, எல்லாம் ஒரே நாள்ல. தலைக்கு குளிச்சா மைக்ரேன் வருதுன்னு சொன்னா சில பேர் சிரிப்பாங்க, ஆனா மும்பைல தலைவலி மருத்துவர் கே. ரவிசங்கர் 94 இந்திய நோயாளிகள வெச்சு இதயே மருத்துவ இதழ்ல எழுதியிருக்கார். நான் விரதத்த முழுசா விடல, பாலும் பழமும் எடுத்துக்கறேன், தலைக்கு குளிக்கறத ஞாயித்துக்கிழமைக்கு மாத்தி உடனே காய வெச்சுடறேன். சாமி கோவிச்சுக்காதுன்னு அத்தையே சொல்லிட்டாங்க.

அப்புறம் வெளிச்சம். பஸ்ல ஜன்னலோரம் உக்காந்து போறப்ப ரோட்டோர புளியமரத்துக்கு நடுவுல வெயில் பட்டு பட்டு போகுமே, அந்த விட்டு விட்டு வர்ற வெளிச்சம் எனக்கு ஆகவே ஆகாது, அதே மாதிரி அடிச்சு அடிச்சு எரியற டியூப்லைட்டு. ஜன்னலோரத்த விட்டுடறேன், இல்லன்னா துப்பட்டாவ கண்ணு மேல போட்டுக்கறேன். வெயில்ல போனா தொப்பி, கூலிங் கிளாஸ், தண்ணி பாட்டில். வீட்டுக்குள்ளயும் கூலிங் கிளாஸ் போடாதீங்க, கண்ணு இருட்டுக்கு பழகி அப்புறம் சாதாரண வெளிச்சமே கூசும். காபிய ஒரேயடியா நிறுத்தாதீங்க, அதனாலயும் வரும், தினமும் ஒரே அளவு ஒரே நேரம்னு வெச்சுக்கிட்டா போதும். டென்ஷன் இருக்கறப்ப வராம டென்ஷன் முடிஞ்ச மறுநாள் வர்றதும் சகஜம், கல்யாண வீட்டு வேலையெல்லாம் முடிஞ்சு அப்பாடான்னு உக்காந்த அன்னைக்கு.

மாத்திரை விஷயம். மாசத்துக்கு ஒண்ணு, ரெண்டு மாசத்துக்கு ஒண்ணுன்னு வந்து அரை மணி நேரத்துல போயிடுதுன்னா பெரும்பாலும் தினசரி மாத்திரையே தேவப்படாதுன்னுதான் டாக்டர்கள் சொல்றாங்க. வலியே இல்லாதப்ப வலி மாத்திரை போட்டு ஒரு பிரயோஜனமும் இல்ல, பயத்துல போட்டு பழகிட்டா மாத்திரையாலயே தலைவலி வர ஆரம்பிக்கும், அது இன்னொரு வியாதி. சுமாட்ரிப்டான், ரிசாட்ரிப்டான் மாதிரி மாத்திரையெல்லாம் வலி கட்டத்துக்கானது, ஆராவ நிறுத்தாது, மாரடைப்பு பக்கவாதம் வந்தவங்க தொடவே கூடாது. அடிக்கடி வந்து வேலையவே கெடுக்குதுன்னா வராம தடுக்கற மாத்திரை தருவாங்க. நம்ம ஊர்ல ஃப்ளூனாரிசின் நெறைய எழுதறாங்க, தூக்கம் வரும், வெயிட் போடும், மனசு சோர்ந்து போனா உடனே டாக்டர்கிட்ட சொல்லணும், வயசானவங்களுக்கு கை நடுக்கம் வரலாம். ப்ரோப்ரனலால்னா வீசிங் இருக்கறவங்களுக்கு ஆகாது. டோபிராமேட்னா விரல் குறுகுறுப்பும் வார்த்தை தேடறதும் அதோட பக்கவிளைவாவே வரும், அத ஆரான்னு நெனச்சு குழம்பாதீங்க. வால்ப்ரோயேட், டோபிராமேட் ரெண்டும் வயித்துல உள்ள குழந்தைய பாதிக்கும், கல்யாணம் ஆகப்போற பொண்ணுங்க, குழந்தைக்கு முயற்சி பண்றவங்க வாய விட்டு டாக்டர்கிட்ட சொல்லணும், அவங்களா கேப்பாங்கன்னு இருக்காதீங்க. பக்கத்து வீட்டு அக்காவுக்கு குடுத்த மாத்திரைய மெடிக்கல்ல கேட்டு வாங்கி போடறது வேணவே வேணாம்.

பொம்பளைங்களுக்கு இத விட முக்கியமான ஒண்ணு, இத நான் பாக்கற எல்லாருக்கும் சொல்லிக்கிட்டே இருக்கேன். ஆரா வர்றவங்க ஈஸ்ட்ரோஜன்ங்கற ஹார்மோன் கலந்த கருத்தடை மாத்திரை போடக்கூடாது. ஆரா வர்ற மைக்ரேன்காரங்களுக்கு அடைப்பால வர்ற பக்கவாதத்துக்கான வாய்ப்பு மத்தவங்கள விட சுமார் ரெண்டு மடங்கு, இளம் வயசுல அந்த வாய்ப்பே ரொம்ப சின்னதுங்கறதால ரெண்டு மடங்கும் சின்னதுதான், ஆனா ஈஸ்ட்ரோஜனும் சிகரெட்டும் சேந்தா அது ஏறும். உலக சுகாதார நிறுவனத்தோட வகைப்பாட்டுல இது 4வது வகை, அதாவது பயன்படுத்தவே கூடாதுன்னு. மாலா-டி, அரசு ஆஸ்பத்திரில இலவசமா குடுக்கற மாலா-என் ரெண்டுமே இந்த கலந்த வகைதான். சீர் இல்லாத மாதவிடாய்க்குன்னு குடுக்கற மாத்திரையும் பல நேரம் இதே வகை. தலைவலி இல்லாததால நமக்கு மைக்ரேன்னு நாமளே சொல்ல மாட்டோம், நர்சும் தலைவலி உண்டான்னுதான் கேப்பாங்க, இல்லன்னு சொல்லிட்டு மாத்திரைய வாங்கிட்டு வந்துடுவோம். அதனால தலைவலி உண்டான்னு கேட்டா, தலைவலி இல்ல ஆனா கண்ணுல மின்னற ஆரா வரும்னு முழுசா சொல்லுங்க. காப்பர்-டி மாதிரி ஹார்மோன் இல்லாத வழி இருக்கு. ஏற்கனவே போட்டுக்கிட்டு இருக்கீங்கன்னா பதறாதீங்க, இந்த வாரமே டாக்டர பாத்து மாத்திக்குங்க.

ஆரா முடிஞ்ச பிறகு ஒரு அசதி இருக்கும், காய்ச்சல் விட்ட மறுநாள் மாதிரி, பேர் மறந்து போகும், கூட்டல்ல தப்பு வரும், சத்தம் பிடிக்காது. வலி இல்லாததால நாம உடனே எந்திரிச்சு வேலைக்கு போயிடறோம், அப்புறம் சாயந்தரம் வரைக்கும் எரிஞ்சு விழறோம். அன்னைக்கு முக்கியமான முடிவு, பணம் அனுப்பறது, கையெழுத்து போடறது எதயும் வெச்சுக்காதீங்க. நான் அன்னைக்கு போட்ட கணக்க மறுநாள் ஒரு தடவை திரும்ப பாப்பேன், ரெண்டு தடவை தப்பு பிடிச்சிருக்கேன்.

வீட்ல எப்படி சொல்றதுன்னு நெறைய யோசிச்சேன். வலின்னா மூஞ்ச பாத்தே தெரியும், இது வெளிய தெரியாது, சும்மா கண்ண மூடி உக்காந்திருக்கற மாதிரி இருக்கும். மொதல்ல நான் தலைவலின்னு பொய் சொல்லிக்கிட்டு இருந்தேன், அப்பதான் விட்டாங்க. அது வேணாம், ஏன்னா என்னைக்காவது நெசமாவே பக்கவாதம் வந்தா அவங்களுக்கு வித்தியாசம் தெரியணும். இப்ப எங்க வீட்ல எல்லாருக்கும் தெரியும், அரை மணி நேரத்துக்கு எனக்கு பாதி கண்ணு தெரியாது, பேச்சு கொஞ்சம் தடுமாறும், தொந்தரவு பண்ணாம பக்கத்துல இருந்தா போதும். என் பொண்ணுக்கு பன்னெண்டு வயசு, நான் வந்துடுச்சுன்னு சொன்னா அவ போன்ல டைமர் போட்டுட்டு பக்கத்துல உக்காந்து பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அம்மா சிரி, அம்மா கைய தூக்குன்னு சொல்வா. அவகிட்ட ஒரு விஷயம் மட்டும் தனியா சொல்லி வெச்சிருக்கேன், இது குடும்பத்துல வரும், உனக்கும் என்னைக்காவது கண்ணுல சேலைக்கரை தெரிஞ்சா பயப்படாம அம்மாகிட்ட வந்து சொல்லுன்னு.

வருஷக்கணக்கா ஒரே மாதிரி வந்துக்கிட்டு இருக்குன்னா நிம்மதியா இருக்கலாம். மாறினா மறுபடி டாக்டர்: இது வரைக்கும் 25 நிமிஷம், இப்ப ஒரு மணி நேரத்த தாண்டுது, இது வரைக்கும் மாசம் ஒண்ணு, இப்ப வாரம் மூணு, எப்பவும் பக்கம் மாறி மாறி வரும், இப்ப ஒரே பக்கம்தான், கண்ணுல மட்டும் வந்தது இப்ப கைக்கும் வருது. எனக்கு மைக்ரேன்தான்னு பேர் வந்துட்டதாலேயே புதுசா வர்ற எதயும் அதுல தள்ளிடாதீங்க.

கடைசி வேலை, ஒரு சீட்டு எழுதி பர்ஸ்லயும் போன் கவர்லயும் வெச்சுக்குங்க. பேச்சு தடுமாறினா எடுத்து நீட்டினா போதும். நான் வெச்சிருக்கறது இதுதான், அப்படியே எடுத்து உங்களுக்கு ஏத்த மாதிரி மாத்திக்குங்க:

"எனக்கு மைக்ரேன் ஆரா வரும். தலை வலிக்காது. கண் பாதி தெரியாது, இடது கை மரத்துப் போகும், பேச்சு தடுமாறும். மெதுவாக ஆரம்பித்து அரை மணி நேரத்தில் சரியாகிவிடும். என்னை உட்கார வையுங்கள், வண்டி ஓட்ட விடாதீர்கள், மணி பாருங்கள். வாய் கோணினாலோ, கை கால் தூக்க முடியாவிட்டாலோ, மயங்கினாலோ, ஒரு மணி நேரம் தாண்டினாலோ 108-ஐ அழையுங்கள், எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று அவர்களிடம் சொல்லுங்கள். வீட்டு நம்பர் பின்னால் இருக்கிறது."